வண்டிச் சாவியும் கீ ஆர்கனைசரும்: பைக் ஓட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொஞ்ச நாள் ஓடிய பைக் ஒன்றின் சாவித்துளையைச் சுற்றி உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் அரை வட்டமாக ஒரு கீறல் இருக்கும். பெயின்ட் போய் உள்ளேயிருக்கும் உலோகம் வெளுத்துத் தெரியும். சாவிக்கொத்து ஆடி ஆடி இழைத்த தடம் அது. என் வண்டியில் அதைப் பார்த்த பிறகுதான் நானும் கீ ஆர்கனைசர் வாங்கினேன். இரண்டு தகடுகளுக்கு நடுவே சாவிகளை அடுக்கி, ஸ்க்ரூ போட்டு முடுக்கி, பேனாக்கத்தி போல மடக்கி விரிக்கும் சின்னப் பொருள். நல்ல பொருள்தான். ஆனால் வண்டிச் சாவியையும் அதற்குள்ளேயே வைத்து முடுக்கிவிடுகிறோமே, அதுதான் பெரிய தவறு.

சலசலப்பு அடங்கிவிடும், சரி. எடை எங்கே போகும்? வீடு, அலமாரி, பெட்டி என்று எல்லாச் சாவிகளும் ஒரே கட்டியாகச் சேர்ந்து இக்னிஷனில் தொங்கும். பள்ளத்தில் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் லாக்குக்குள் இருக்கும் மெல்லிய தகடுகள் அந்த ஆட்டத்தைத் தாங்க வேண்டும். அவை தேயத் தேய, சாவி திருப்பும்போது சிக்க ஆரம்பிக்கும். கார்களில் இது உயிர் போகும் விஷயமாகவே ஆனது. 2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. இக்னிஷன் ஸ்விட்ச் தளர்வாக இருந்ததால், கொத்தின் எடையோ ஒரு குலுக்கலோ பட்டாலே ஓடும்போது சாவி திரும்பி இன்ஜின் நின்றுவிடலாம் என்பது காரணம். சரிசெய்யும்வரை சாவியில் வேறெதையும் மாட்டாதீர்கள் என்று நிறுவனமே சொன்னது. குறை ஸ்விட்சில்தான். ஆனாலும் சாவியில் தொங்கும் எடை என்ன செய்யும் என்பது அதில் தெரிகிறது.

அதனால் வண்டிச் சாவி தனியே கழன்று வர வேண்டும். ஆர்கனைசரின் வளையத்தில் கழற்றி மாட்டும் கொக்கி ஒன்று போட்டு, அதில் வண்டிச் சாவியைக் கோத்துவிடுங்கள். ஓட்டும்போது ஆர்கனைசர் பையில், வண்டிச் சாவி மட்டும் வண்டியில். கொக்கியை வாங்கும் முன் கையுறை போட்டுக்கொண்டு கழற்றிப் பாருங்கள். வெறுங்கையில் சுலபமாக இருக்கும் சில கொக்கிகள் கையுறை போட்டால் படுத்தி எடுக்கும்.

சாவியின் தலை தடிமனாக இருக்கிறது, ஆர்கனைசருக்குள் நுழையவில்லை என்று அதை அறுத்து மெலிதாக்குபவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். இம்மொபிலைசர் (சரியான சாவியின் சிப்பை அடையாளம் கண்டால் மட்டுமே இன்ஜினை ஓடவிடும் அமைப்பு) உள்ள வண்டிகளில் அந்தத் தலைக்குள்தான் சிப் இருக்கும். சிப் போனால் சாவி திரும்பும், இன்ஜின் உயிர் பெறாது. இன்னொரு வண்டியின் சிப் சாவி பக்கத்தில் தொங்கினாலும் சிக்னல் குழம்பலாம். சில ஸ்கூட்டர்களில் சாவித்துளைக்குக் காந்த மூடி இருக்கும். அதைத் திறக்கும் காந்தம் சாவியின் தலையில்தான் இருக்கிறது.

அப்புறம் ஸ்க்ரூ. பைக்கின் அதிர்வு எதையும் தளர்த்திவிடும். நடுவழியில் ஸ்க்ரூ கழன்றால் சாவிகள் ஒவ்வொன்றாக உதிரும், சத்தம்கூடக் கேட்காது. மரையில் நீல நிற த்ரெட் லாக்கர் (ஸ்க்ரூ தளராமல் பிடித்துக்கொள்ளும் பசைத் திரவம்) ஒரு சிறு துளி விட்டால் போதும். சிவப்பு வேண்டாம், பிறகு சூடு காட்டாமல் கழற்ற முடியாது. தகடு பிளாஸ்டிக் என்றால் அந்தத் திரவம் அதில் படக்கூடாது, சில வகை பிளாஸ்டிக் விரிசல் விடும்.

ஆர்கனைசரை எங்கே வைத்துக்கொள்வது என்பதையும் யோசியுங்கள். பேன்ட் பாக்கெட்டில் இடுப்பெலும்புக்கு நேராக அந்தக் கெட்டிக் கட்டி இருந்து, அந்தப் பக்கமே விழுந்தால், அடி முழுவதும் அதன் வழியே இறங்கும். பெல்ட்டில் தொங்கவிட்டால் குனியும்போது டேங்க்கை உரசும். டேங்க் பேக் அல்லது சீட்டுக்கு அடியில் இருக்கும் இடம் நல்லது. சீட்டைத் திறக்க வண்டிச் சாவி வேண்டுமே, அது எப்படியும் கையில் தனியாகத்தானே இருக்கிறது.

டிஸ்க் லாக் (பிரேக் டிஸ்கில் மாட்டும் பூட்டு) சாவியை மட்டும் வண்டிச் சாவியோடு விட்டுவைக்கலாம். அது எடையில்லாதது, லாக்கைக் கழற்றாமல் வண்டியை நகர்த்திவிடாதபடி நினைவூட்டவும் செய்யும். ஸ்பேர் சாவி கொத்தில் இருக்கவே கூடாது. புது வண்டியோடு வரும் சாவி எண் பொறித்த சின்னத் தகட்டையும் கழற்றிவிடுங்கள். அந்த எண்ணை வைத்தே இன்னொரு சாவி வெட்ட முடியும். ஸ்பேர் சாவியும் அந்தத் தகடும் வீட்டில், ஆனால் ஒரே டப்பாவில் அல்ல, தனித்தனி இடத்தில் இருக்கட்டும்.