டாக் (DAC) வாங்குறதுக்கு முன்னாடி ஆம்ப் பின்னாடி எட்டிப் பாருங்க

தென்னாப்பிரிக்கா டர்பன்ல, சாட்ஸ்வொர்த் பக்கத்து வீட்டு மாமா போன மாசம் "தம்பி, எந்த டாக் நல்லாருக்கும்"னு கேட்டாரு. நான் திருப்பிக் கேட்டது ஒண்ணுதான், மாமா உங்க ஆம்ப் (ஸ்பீக்கருக்கு சத்தத்த பெருக்கிக் குடுக்குற பொட்டி) பின்னாடியும் டிவி பின்னாடியும் என்னென்ன ஓட்டை இருக்குனு சொல்லுங்க. அவரு முழிச்சாரு. பாதிப் பேரு இப்டித்தான், உள்ள இருக்குறது ஈஎஸ்எஸ் கம்பெனி சிப்பா ஏகேஎம் கம்பெனி சிப்பானு ஆரம்பிச்சு கேபிள் சொருக எடமில்லாம நிப்பாங்க.

டாக்னா என்ன, பாட்டு நம்பரா இருக்கு, ஸ்பீக்கருக்கு கரண்ட்டா வேணும், நடுவுல மாத்திக் குடுக்குற ஆளு. உங்க போன், லேப்டாப், சிடி பிளேயர் எல்லாத்துலயும் ஏற்கனவே ஒண்ணு இருக்கு. அதுல இரைச்சல் வந்தா, இல்ல டிவில ஆப்டிகல் (வெளிச்சத்துல சத்தத்த அனுப்புற ஓட்டை) மட்டும் இருந்து ஆம்ப்ல அது இல்லனா, அப்பதான் தனியா வாங்கணும்.

டிவிக்குனா ஆப்டிகல் உள்ளது வாங்குங்க. வந்ததும் டிவி செட்டிங்ஸ்ல டிஜிட்டல் அவுட்ட பிசிஎம்னு (சுருக்காத சாதா டிஜிட்டல் சத்தம்) மாத்திடுங்க, சுருக்கி அனுப்புற டால்பில விட்டா சாதா டாக்குக்கு அது புரியாது, சத்தமே ஒழுங்கா வராது, பொட்டி கெட்டுப்போச்சுனு கடைக்கு ஓடாதீங்க. ஆப்டிகல்ல இன்னொரு லாபம், உள்ள போறது வெறும் வெளிச்சம், கம்பி கிடையாது. டிஷ் கேபிள் எர்த்தும் ஆம்ப் எர்த்தும் ஒண்ணோட ஒண்ணு சுத்திக்கிட்டு "ம்ம்ம்ம்"னு 50 ஹெர்ட்ஸ்ல முனகும் பாருங்க, அது இந்த வழியா தாண்டாது. முனகலுக்காக பிளக்ல எர்த்த கழட்டி விடுற வேலை மட்டும் வேணாம், உசுருக்கு ஆபத்து.

லேப்டாப்புக்குனா யூஎஸ்பி போதும். யூஎஸ்பி 5 வோல்ட்லயே ஓடுற சின்ன டாக்னா லோட் ஷெடிங் (கரண்ட் கட்) வந்தாலும் லேப்டாப் பேட்டரில ஹெட்போன் போட்டு கேட்டுட்டே இருக்கலாம். வெளிநாட்டுலருந்து சொந்தக்காரங்க கொண்டு வர்றதுனா அடாப்டர்ல 100-240னு இருக்கானு பாருங்க, அமெரிக்க 120 வோல்ட் டிரான்ஸ்பார்மர நம்ம 230ல சொருகினா அப்பவே புகை.

நம்பர பாத்து மயங்காதீங்க. சிடியே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்தான், அதுலயே ரொம்ப மெல்லிசான சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் நடுவுல ஏறக்குறைய 96 டெசிபல் இடைவெளி கெடைக்குது, ராத்திரி ரெண்டு மணிக்கு கூட நம்ம ஹால் அவ்ளோ அமைதி கிடையாது (தெருநாய் விடாது). 384, 768 கிலோஹெர்ட்ஸ்னு அட்டைல போட்டிருந்தா அதுக்காக ராண்ட் கூட குடுக்காதீங்க, அந்தக் காச ஸ்பீக்கர்ல போடுங்க. லோட்டஸ் எஃப்எம் ரேடியோவ நெட்டுல கேக்குறவங்களுக்கு எந்த டாக்கும் ஒண்ணுதான், சுருக்கும்போது போனத திருப்பிக் கொண்டு வர முடியாது.

நான் பாக்குற நம்பர் அவுட்புட் ஒண்ணுதான், சுமார் 2 வோல்ட் வந்தா பழைய ஆம்புக்கும் பொதுவா பிரச்சனை இல்ல. கடைல ரெண்ட வச்சு கேட்டா வால்யூம சமமா வைக்கச் சொல்லுங்க, கொஞ்சம் சத்தமா பாடுறதுதான் காதுக்கு நல்லா தெரியும், அங்கதான் ஏமாறுவோம்.

மாமா ஆம்ப் பின்னாடி போய் பாத்தா ஆர்சிஏ ஓட்டை (செவப்பு வெள்ளை பின் சொருகுறது) எல்லாம் கடல் காத்துல பச்சை பூத்துக் கெடக்கு. ஸ்விட்ச ஆஃப் பண்ணி கான்டாக்ட் கிளீனர் அடிச்சு துடைச்சோம், ரெண்டு வருஷமா ஊமையா கெடந்த எடது பக்கம் பாட ஆரம்பிச்சிருச்சு. ஆனா அவரு டிவில ஆப்டிகல் மட்டும்தான், அதனால சின்னதா ஒண்ணு வாங்கியே ஆகணும், சனிக்கிழமை போறோம்.