முதல் நல்ல கத்தி: கையால் செய்ததா, தொழிற்சாலையில் வந்ததா?

நல்ல கத்தி வாங்கலாம் என்று கிளம்பியதும் கண் நேரே போவது அலகில் ஓடும் அலைக்கோலத்துக்கும் மெருகேற்றிய மரப்பிடிக்கும்தான். நானும் அங்கேதான் முதலில் மயங்கினேன். ஆனால் கத்தி நன்றாக வெட்டுவது எஃகின் பதத்தாலும் அலகை இழைத்த விதத்தாலும். அதனால் இந்த வரிசையில் பாருங்கள்.

படி 1: என்ன வேலைக்கு?

காய் நறுக்கவா, எலும்பு வெட்டவா, மரம் செதுக்கவா? மெல்லிய அலகு காயில் வழுக்கிக்கொண்டு இறங்கும். அதையே எலும்பின்மேல் ஓங்கினால் விளிம்பு பொரிந்துபோகும். எல்லாவற்றுக்கும் ஒரே கத்தி தேட வேண்டாம்.

படி 2: எந்த எஃகு?

தொழிற்சாலைச் சமையல் கத்திகள் பலவற்றில் சுமார் 0.5% கார்பனும் 15% குரோமியமும் இருக்கும். இதுதான் துருப்பிடிக்காத எஃகு; ஈரம் கொஞ்சம் பட்டாலும் தாங்கும். கையால் செய்பவர்கள் பலர் 1095 போன்ற கார்பன் எஃகை விரும்புகிறார்கள். சுமார் 800 டிகிரி செல்சியஸில் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தாலே அது இறுகிவிடும். துருப்பிடிக்காத எஃகுக்கு 1,000 டிகிரிக்கு மேல், துல்லியமான உலை வேண்டும். கார்பன் எஃகை வெட்டி முடித்த கையோடு கழுவித் துடைக்க வேண்டும். அந்தப் பழக்கம் வராதென்றால் அதை வாங்காதீர்கள்.

படி 3: பதம்

நிதானிக்க வேண்டிய இடம் இதுதான். காய்ச்சித் தோய்த்த எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும். அதை 200 டிகிரி அளவில் மறுபடி சூடேற்றித் தளர்த்தினால்தான் கத்திக்கு உரிய பதம் வரும். நல்ல தொழிற்சாலையில் ஆயிரம் கத்திகளும் ஏறக்குறைய ஒரே பதத்தில் வரும். கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் பெரும்பாலும் 56 முதல் 58; எண் கூடினால் கடினமும் கூடும். தேர்ந்த கைவினைஞர் 60, 62 வரை கொண்டுபோவார். கூர் நீடிக்கும், ஆனால் முரட்டுத்தனமாகப் புழங்கினால் விளிம்பு உடையும்.

பதம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கேளுங்கள்: என்ன எஃகு? எத்தனை டிகிரியில் காய்ச்சினீர்கள்? எதில் தோய்த்தீர்கள்? கடினத்தை எப்படிச் சோதித்தீர்கள்? அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கத்தின் முதல்நிலைத் தேர்வில், தொங்கும் கயிற்றை ஒரே வீச்சில் அறுத்து, மரக்கட்டையை வெட்டி, அதன் பிறகும் முடி மழிக்கும் கூரோடு இருக்கும் அலகை 90 டிகிரி வளைக்கிறார்கள். அது முறியக் கூடாது; பதம் சரியாக இருந்தால்தான் இது முடியும். தன் வேலையை அறிந்தவர் மேலே சொன்ன கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். மழுப்பினால் வந்துவிடுங்கள்.

படி 4: விளிம்புக்குப் பின்னால்

அலகைப் பிடியின் பக்கத்திலிருந்து, குதிகாலை (பிடியை ஒட்டிய வெட்டுமுனையின் மூலையை) கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கூருக்குச் சற்று மேலே தடித்திருந்தால், எவ்வளவு தீட்டினாலும் கேரட் அறுபடாது, பிளக்கும். அடியிலிருந்து முனைவரை அலகு மெலிந்துகொண்டே போவதும் நல்ல வேலைக்கு அடையாளம்.

படி 5: பிடி

சின்னக் கை, இடக்கை, மூட்டுவலி உள்ள கை: இவர்களுக்குக் கைக்கு ஏற்றபடி பிடி அமைத்துத் தரும் கைவினைக் கத்தி உண்மையாகவே உதவும்.

முதல் கத்தி தொழிற்சாலையில் செய்ததாகவே இருக்கட்டும் என்பேன். கூடவே 1000 எண் சாணைக்கல் (எண் கல்லின் நயத்தைக் குறிக்கும்) ஒன்று வாங்கி, ஆறு மாதம் நீங்களே தீட்டிப் புழங்குங்கள். எங்கே கை வலிக்கிறது, அலகு எங்கே நீளம், எங்கே கனம் என்று குறித்து வையுங்கள். கைவினைஞரிடம் போகும்போது அந்தக் குறிப்பையும் காகிதத்தில் வரைந்த உங்கள் கையளவையும் கொடுங்கள். முன்பணம் தருமுன், அலகில் விரிசல் கண்டால் மாற்றித் தருவாரா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.