பதவிவாரியாகத் தரவு அனுமதி: கலக்கக் கூடாத இரண்டு கேள்விகள்

நிறுவன மென்பொருளில் ஒருவர் என்ன செய்யலாம் என்பது ஒரு கேள்வி: பார்க்கலாமா, திருத்தலாமா, அழிக்கலாமா, கோப்பாக இறக்கிக்கொள்ளலாமா. யாருடைய பதிவுகளில் அதைச் செய்யலாம் என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே ரோலில் (ஒரு பெயரில் கட்டிய அனுமதித் தொகுப்பில்) அடைத்தால் 5 வகை வேலை, 8 கிளைக்கு 40 ரோல்கள் வந்து நிற்கும். வேலைக்கு ஒரு ரோல், கிளைக்கு ஓர் எல்லை என்று பிரித்தால் 13 போதும்.

முதலில் ஒரு அட்டவணை போடுங்கள். வரிசைகளில் வேலைகள், பத்திகளில் தரவு வகைகள். ஒவ்வொரு கட்டத்திலும் செயலும் எல்லையும் இருக்கட்டும்: “திருத்தலாம், தன் குழு மட்டும்”. “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டால் எல்லோரும் எல்லாவற்றையும் கேட்பார்கள். கடந்த மாதம் எதைத் திறந்தார்கள் என்று பதிவேட்டைப் பாருங்கள்.

தனியாக எதுவும் பகிராதபோது இருக்கும் அடிப்படை நிலையை மூடியே வையுங்கள். சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற வாடிக்கையாளர் மேலாண்மை மென்பொருளில் பகிர்வு விதிகள் கதவைத் திறக்க மட்டுமே செய்யும், மூடாது. அதனால் மிகக் குறைவாகப் பார்க்க வேண்டியவரை வைத்தே அடிப்படையைத் தீர்மானிக்க வேண்டும்.

அடுத்தது சேல்ஸ்ஃபோர்ஸின் ரோல் மரம், அதாவது யாருடைய பதிவுகள் யாருக்குத் தெரியும் என்று மேல்கீழாக அடுக்கிய அமைப்பு. மனிதவளத் துறையின் பதவி வரைபடத்தை அப்படியே நகலெடுப்பதுதான் இங்கே பெரிய தவறு. மரத்தில் மேலே இருப்பவருக்குக் கீழே உள்ளவரின் பதிவுகள் தெரியும். அந்த வசதிக்காகத்தான் மரம். விற்பனை விவரம் கணக்குப் பிரிவுக்கும் வேண்டுமென்றால் கணக்காளரை மரத்தில் இடம் மாற்றாதீர்கள். ஒரு குழு அமைத்து, பகிர்வு விதியால் பக்கவாட்டில் கொடுங்கள்.

மேல்நோக்கிப் போகக் கூடாத தரவும் உண்டு. சம்பளம், மருத்துவ விவரம் குழுத் தலைவருக்குத் தெரிய வேண்டியதில்லை. சேல்ஸ்ஃபோர்ஸில் இந்த மேல்நோக்கிய பகிர்வை நாமே உருவாக்கிய பொருள்களுக்கு (ஒரு வகைத் தரவை வைக்கும் அட்டவணைகளுக்கு) மட்டுமே நிறுத்த முடியும். ஆகவே அவற்றை அப்படித் தனிப் பொருளில் வையுங்கள்.

இன்னொரு பொறி: கீழ்ப்பதவியின் செயல் அனுமதிகளும் மேலதிகாரிக்குத் தானாகச் சேரும்படி அமைத்தால், பணம் கேட்டு விண்ணப்பிப்பதும் அதை ஒப்புவதும் ஒரே கையில் விழும். இத்தகைய ஜோடிகளைப் பட்டியலிட்டு, ஒரே பயனருக்கு இரண்டும் சேராதபடி தடுங்கள்.

சோதனைக்கு ரோலுக்கு ஒரு போலிப் பயனர் வேண்டும். தெரிய வேண்டியது தெரிகிறதா என்பதோடு நிறுத்தாதீர்கள். தெரியக் கூடாதது தேடலிலோ ரிப்போர்ட்டிலோ ஏபிஐ (வேறு மென்பொருள்கள் தரவை எடுக்கும் இணைப்பு) வழியாகவோ எட்டிப் பார்க்கிறதா என்றும் பாருங்கள். டாஷ்போர்டுகளை மறந்துவிடுவார்கள்: குறிப்பிட்ட ஒரு பயனரின் கண்ணோட்டத்தில் ஓடும்படி வைத்த டாஷ்போர்டு, அவர் பார்ப்பதை எல்லோருக்கும் காட்டும்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தில் வரிசை மட்டப் பாதுகாப்பு (யாருக்கு எந்த வரிசைகள் தெரியும் என்ற விதிகள்) வைத்தும் எல்லாம் தெரிகிறதென்றால், செயலி எந்தக் கணக்கில் இணைகிறது என்று பாருங்கள். அட்டவணையின் உரிமையாளருக்கு அந்த விதிகள் இயல்பாகப் பொருந்தாது, கட்டாயப்படுத்தினால்தான் பொருந்தும். எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர் யூசருக்கு ஒருபோதும் பொருந்தாது. செயலிக்கென்று, அட்டவணையின் உரிமையாளராகவோ சூப்பர் யூசராகவோ இல்லாத தனிக் கணக்கு கொடுப்பதே நல்லது.

தனிநபருக்கு நேரடியாக அனுமதி தராதீர்கள். அவசரத்துக்குத் தந்தால் காலாவதித் தேதியோடு தாருங்கள். இடமாற்றம் ஆணையானதும் பழைய ரோலை முதலில் நீக்கிவிட்டுப் புதியதைச் சேருங்கள். பொறுப்பை ஒப்படைக்க அவகாசம் வேண்டுமென்றால் பழையதற்கும் ஒரு முடிவுத் தேதி குறித்துவிடுங்கள்.