எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்ட ஆளைக் கூப்பிடும் முன்

பாத்ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்ட எலக்ட்ரீஷியனிடம் "எவ்வளவு ஆகும்?" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். வென்டிலேட்டர் கண்ணாடியை யார் கழற்றுவது, புது ஒயர் இழுக்க வேண்டுமா, சுவரை உடைத்தால் பூசித் தருவாரா என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர் ஓட்டையைப் போட்டு ஃபேனை மாட்டிவிட்டு, "பூச்சுக்குக் கொத்தனாரைக் கூப்பிட்டுக்கோங்க சார்" என்று கிளம்பிவிட்டார். பத்து நாள் அந்த இடுக்கு வழியாகப் பல்லிகள் சுகமாக வந்து போயின.

ஃபேனை வாங்கும் முன்பே அவரை அளவெடுக்கச் சொல்வது நல்லது. சின்ன பாத்ரூமுக்கு 6 அங்குலம் (150 மி.மீ.) போதும். ஆனால் பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் இறக்கையின் அளவு. ஓட்டை அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

கரண்ட் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே இருக்கட்டும். இரும்பு பாடி என்றால் எர்த் ஒயர் கட்டாயம். "அதெல்லாம் தேவையில்லை சார்" என்பவரை அப்படியே அனுப்பிவிடலாம். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாகவே சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால், அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். உடனே டிரிப் ஆக வேண்டும்.

அப்புறம், காசு கொடுக்கும் முன் கதவைச் சாத்தி ஃபேனை ஓடவிட்டு, கதவின் அடி இடுக்கில் ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடித்துப் பாருங்கள். அது பாத்ரூமுக்குள் இழுபட வேண்டும். இடுக்கே இல்லையென்றால் காற்று உள்ளே வர வழியில்லை, ஃபேன் சும்மா சத்தம்தான் போடும்.