கல்லடைப்பு வலிக்குக் கட்டிலருகே ஸ்கேன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் சிறு ஊரில், வெயில் ஏறிய பிறகு விலாவைப் பிடித்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வருபவர்கள் அதிகம். விடிகாலையிலிருந்து குலை வெட்டுவார்கள், தண்ணீர் சரியாகக் குடிக்க மாட்டார்கள். வாசலிலேயே "டாக்டர், பத்து காராங்" (மலாயில் சிறுநீரகக் கல்) என்று நோயின் பெயரையும் சொல்லிவிடுவார்கள். சிடி ஸ்கேனுக்கு ஈப்போ நகருக்குத்தான் அனுப்ப வேண்டும். அதனால் கட்டிலருகே தள்ளிக்கொண்டு வரும் அல்ட்ராசவுண்ட் கருவியைத்தான் முதலில் நம்புகிறோம்.

புதிதாக வரும் டாக்டர்கள் பலர் அந்தக் கருவியில் கல்லைத் தேடுகிறார்கள். நோயாளி வலியில் புரண்டுகொண்டிருக்க, பத்து நிமிடம் வயிற்றை அழுத்தி அழுத்திப் பார்ப்பார்கள். சிறுநீர்க்குழாயின் நடுவே நிற்கும் கல்லைக் குடல் வாயு பெரும்பாலும் மறைத்துவிடும். நாம் பார்க்க வேண்டியது சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்பதைத்தான். அதன் நடுப்பகுதி வெள்ளையாகத் தெரிய வேண்டும். அங்கே கருப்பாக விரிந்திருந்தால் நீர் தேங்கியிருக்கிறது.

வீக்கம் இல்லை, அதனால் கல்லும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்புவதும் தவறு. கல் சிறியதாக இருந்தாலும், வலி இப்போதுதான் தொடங்கியிருந்தாலும், உடம்பில் நீர் வற்றியிருந்தாலும் வீக்கம் தெரியாமல் போகலாம். வெயிலில் உழைத்துவிட்டு வருபவர்களிடம் இதை மறக்கவே கூடாது.

வலிக்கும் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். மறுபக்கத்தைப் பார்த்தால்தான் ஒப்பிட முடியும். இரண்டு பக்கமும் லேசாக வீங்கியிருந்தால் சிறுநீர்ப்பையைப் பாருங்கள். அது நிரம்பி நிற்கலாம். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி மறுபடி பார்த்தால் பல சமயம் வீக்கம் காணாமல் போயிருக்கும். கர்ப்பிணிகளுக்கு வலது பக்கம் கொஞ்சம் வீங்குவது இயல்பு. ரத்தக் குழாய்களும் வீக்கம் போலத் தோன்றும், ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளர் போட்டால் தெரிந்துவிடும்.

என்னை இன்றும் உறுத்துவது வேறொரு தவறு. பால்மரம் சீவி ஓய்வு பெற்ற பெரியவர், வயது 68. இடது விலாவில் வலி. அதுவரை அவருக்குக் கல் வந்ததே கிடையாது. சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. இடது சிறுநீரகத்தில் லேசான வீக்கம் தெரிந்தது. சரி, கல்தான் என்று எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன். "தம்பி, வயித்துல என்னமோ துடிக்குது" என்றார். தொப்புளுக்கு மேலே கருவியை வைத்தேன். இதயத்திலிருந்து இறங்கும் பெரிய ரத்தக் குழாயான பெருந்தமனி 6 செண்டிமீட்டருக்கு மேல் விரிந்திருந்தது. 3 செண்டிமீட்டரைத் தொட்டாலே அது நோய். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் பார்த்திருக்க மாட்டேன். அன்றிலிருந்து, 50 வயதைத் தாண்டியவர் முதல் முறையாகக் கல் வலி என்று வந்தால் பெருந்தமனியைப் பார்க்காமல் கருவியைத் துடைத்து வைப்பதில்லை.

2014இல் அமெரிக்காவில் 15 அவசரப் பிரிவுகளில் 2,759 பேரிடம் நடத்திய ஆய்வு வெளிவந்தது. முதலில் அல்ட்ராசவுண்ட் செய்ததால் ஆபத்தான நோய்கள் கூடுதலாகத் தவறிப் போகவில்லை, கதிர்வீச்சும் குறைந்தது. இதைச் சொல்லி சிடி தேவையே இல்லை என்பவர்கள் உண்டு. ஆனால் கட்டிலருகே ஸ்கேன் செய்யப்பட்டவர்களில் பத்தில் நான்கு பேருக்குப் பின்னர் சிடியும் எடுத்தார்கள். ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர்களையும், வேறு பெரிய நோய் இருக்கலாம் என்று டாக்டர் சந்தேகித்தவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை.

வீக்கத்தோடு காய்ச்சலும் இருந்தால் ஆண்டிபயாடிக் மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். அடைபட்ட நீரில் கிருமி சேர்ந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. அடைப்பை வடித்தாக வேண்டும், உடனே பெரிய மருத்துவமனைக்குப் போன் போடுங்கள். பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனையும், இளைஞர்களுக்கு விதைப்பைப் பரிசோதனையும் விட்டுப்போகக் கூடாது.

அப்புறம், ஸ்கேன் முடியட்டும் என்று வலி ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். வலி அடங்கினால்தான் நோயாளி அசையாமல் படுப்பார், மூச்சை இழுத்துப் பிடிப்பார். உங்களுக்கும் படம் தெளிவாகக் கிடைக்கும்.