சீரியல் கன்சோலில் யாரும் தட்டாமலே எழுத்து வருகிறதா?

கரண்ட் போய் வந்தால் என் லினக்ஸ் போர்டு, அதாவது ஒற்றைப் பலகைச் சிறு கணினி, எழுந்திருக்காது. லேப்டாப்பை எடுத்துப்போய் சீரியல் கேபிளை (லேப்டாப்பையே போர்டின் திரையும் கீபோர்டுமாக ஆக்கும் கம்பி) மாட்டி ஸ்விட்சை அணைத்துப் போட்டால் ஒரு குறையும் இல்லாமல் பூட் ஆகும். கேபிளைக் கழற்றிவிட்டு வந்தால் அடுத்த பவர் கட்டில் மறுபடி அதே கதை. இதற்காக நான் மெமரி கார்டை மாற்றினேன், பவர் சப்ளையை மாற்றினேன், லினக்ஸை இரண்டு முறை புதிதாக ஏற்றினேன், எதிலும் கோளாறு இல்லை. கேபிள் மாட்டினால் மட்டும் சரியாகிறது என்பதே பெரிய துப்பு என்று நான்காவது நாள்தான் உறைத்தது. உங்களுக்கு அந்த நான்கு நாள் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். லினக்ஸை ஏற்றித் தொடங்கிவைக்கும் சிறு மென்பொருளான யூ-பூட் (U-Boot) தொடங்கியதும் சில வினாடி எண்ணும், அதற்குள் எந்த விசையைத் தட்டினாலும் பூட்டை நிறுத்திவிட்டுக் கட்டளைக்காகக் காத்திருக்கும். தட்ட யாரும் இல்லை, ஆனால் சீரியல் போர்ட்டில் ஏதோ ஒரு எழுத்து வந்துவிட்டது. பிசிக்களில் அதே வேலையைச் செய்யும் க்ரப்பிலும் (GRUB) இதே ஆபத்து உண்டு. சீரியல் வழியாக உள்ளீடு வாங்கச் சொல்லியிருந்தால், ஒரே ஒரு குப்பை எழுத்து போதும், எண்ணிக்கை நின்று மெனுவிலேயே கிடக்கும்.

எழுத்து எங்கிருந்து வருகிறது? சீரியல் கம்பி சும்மா இருக்கும்போது உயர் மின்னழுத்தத்தில், அதாவது 3.3 வோல்ட் போர்டில் 3.3-இல் இருக்க வேண்டும். அது கீழே இறங்கினால் ஒரு எழுத்து தொடங்குகிறது என்று அர்த்தம். போர்டு எழுத்தை வாங்கும் ஆர்எக்ஸ் (RX) பின்னில் எதுவுமே மாட்டவில்லை என்றால் அது அந்தரத்தில் தொங்குகிறது, பக்கத்தில் ரிலே அடித்தாலும் மோட்டார் ஓடினாலும் சட்டென்று இறங்கும். 115200 வேகத்தில் ஒரு பிட் வெறும் 8.7 மைக்ரோ வினாடிதான், அந்த அளவு மின் இரைச்சல் வருவது பெரிய விஷயமே இல்லை. லேப்டாப்பின் யூஎஸ்பி-சீரியல் அடாப்டரை மாட்டினால் அது எழுத்தை அனுப்பும் தன் டிஎக்ஸ் (TX) கம்பியை உயரத்தில் பிடித்துக்கொள்கிறது, அதனால்தான் நாம் பார்க்கும்போது மட்டும் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது.

இதைவிட மோசம், மறுமுனை எதிலும் மாட்டாத நீளமான கேபிளை போர்டில் அப்படியே விட்டுவைப்பது. டிஎக்ஸும் ஆர்எக்ஸும் ஒட்டி ஓடுவதால் போர்டு தானே அச்சிடும் எழுத்தின் சாயல் பக்கத்துக் கம்பியில் ஏறி, அதன் காதிலேயே விழும். யூஎஸ்பி அடாப்டரை போர்டில் விட்டுவிட்டு லேப்டாப் பக்கம் மட்டும் கழற்றுவதும் வேண்டாம், பவர் இல்லாத அடாப்டர் கம்பியைக் கீழே இழுத்துவிடலாம்.

சரி, உங்கள் கோளாறு இதுதானா என்று பார்க்க ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போதும். ஆர்எக்ஸ் பின்னுக்கும் 3.3 வோல்ட் பின்னுக்கும் நடுவே அதை வையுங்கள். ராஸ்பெரி பையில் ஆர்எக்ஸ் என்பது 10-ஆம் பின், 3.3 வோல்ட் 1-ஆம் பின். தவறியும் 5 வோல்ட்டில் வைக்காதீர்கள், பின் போய்விடும். ரெசிஸ்டர் வைத்ததும் கோளாறு நின்றால் அதையே நிரந்தரமாக சால்டர் செய்துவிடுங்கள். அதில் ஓடுவது 0.33 மில்லி ஆம்பியர்தான், பிறகு அடாப்டர் மாட்டும்போது அது தடையாக இருக்காது. கேபிள் நீளமாக இருந்தே ஆகவேண்டும் என்றால் 4.7 கிலோ ஓம் போடலாம்.

பழைய 9 பின் ஆர்எஸ்-232 போர்ட் என்றால் இந்தச் சந்தேகத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் ரிசீவர் சிப்புக்குள்ளேயே சுமார் 5 கிலோ ஓம் தடை கிரவுண்டுக்குப் போகிறது, ஒன்றும் மாட்டாவிட்டால் சும்மா இருப்பதாகவே அது எடுத்துக்கொள்ளும்.

ரெசிஸ்டரிலும் தீரவில்லை என்றால் ஊகிப்பதை நிறுத்திவிட்டு வருகிற பைட்டைப் பாருங்கள். லினக்ஸ் ஓடும்போது அந்தப் போர்ட்டில் லாகின் கேட்கும் சீரியல் கெட்டி (getty) சர்வீஸை நிறுத்துங்கள், போர்ட்டை அமைக்கும் எஸ்டிடிஒய் (stty) கட்டளையில் வேகத்தைச் சொல்லி, வருவதை அப்படியே தரும் ரா நிலைக்கு மாற்றி, எக்கோவை அணைத்துவிட்டு, எக்ஸ்எக்ஸ்டி (xxd) கட்டளை வழியாக ஹெக்ஸில், அதாவது 16 அடிமான எண்ணாக, படியுங்கள். வரிக்கு ஒரு பைட் என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் 16 பைட் சேரும்வரை திரையில் ஒன்றும் வராது. எக்கோவை அணைக்க மறக்கவே கூடாது, மறந்தால் வந்த குப்பையை நாமே திருப்பி அனுப்பிக் குழப்பத்தைக் கூட்டுவோம்.

பைட்டின் மதிப்பே பாதி கதையைச் சொல்லிவிடும். எஃப்எஃப் என்று வந்தால் கம்பி ஒரு நொடிப்பொழுது இறங்கி உடனே ஏறிவிட்டது, அதாவது வெளியிலிருந்து வந்த மின் இரைச்சல். 00 என்று வந்தால் கம்பி வெகுநேரம் கீழேயே இருந்தது, கிரவுண்டோ பவர் இல்லாத அடாப்டரோ காரணம். தட்டும் ஒவ்வொரு விசைக்கும் சம்பந்தமில்லாத குறி வந்தால் இரு பக்கத்திலும் வேகம் வேறு வேறாக இருக்கிறது. 16550 என்ற சீரியல் சிப் வகைப் போர்ட்டாக இருந்தால் ரூட்டாக நுழைந்து ப்ராக் அடைவுக்குள் டிடிஒய், அதற்குள் டிரைவர், அதற்குள் சீரியல் என்ற கோப்பைத் (/proc/tty/driver/serial) திறந்து பாருங்கள். எத்தனை பைட் வந்தது, எத்தனை ஃப்ரேமிங் பிழை (எழுத்தின் முடிவு சரியாக வராதது), எத்தனை பிரேக் (கம்பி ஒரு எழுத்தின் நேரத்துக்கும் மேல் கீழேயே கிடந்தது) என்று கணக்கு அதிலேயே இருக்கும். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடமே இதுதான், ஏனோ இதைப் பலர் திறப்பதே இல்லை.

படிக்கக்கூடிய எழுத்தாக வந்தால் அனுப்புவது இன்னொரு மென்பொருள். ஏ, டி (AT) என்ற இரண்டு எழுத்தும் அதைத் தொடர்ந்து ஏதோவும் வந்தால் மறுபக்கக் கம்ப்யூட்டரில் ஓடும் மோடம் மேனேஜர், உங்கள் போர்டை மோடம் என்று நினைத்து விசாரிக்கிறது. அதை நிறுத்துங்கள், அல்லது அந்த அடாப்டரை விட்டுவிடச் சொல்லி, லினக்ஸில் சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ்வுக்கு (udev) விதி ஒன்று எழுதுங்கள். போர்ட்டை வேறு எந்தப் புரோகிராம் திறந்து வைத்திருக்கிறது என்று எல்எஸ்ஓஎஃப் (lsof) கட்டளை சொல்லும்.

இரண்டு கம்ப்யூட்டரை நேராக இணைத்து இரண்டிலும் கெட்டி ஓடினால் வேடிக்கை இன்னும் பெரிது. இது லாகின் என்று கேட்கும், அது அதையே பயனர் பெயராக எடுத்துக்கொண்டு பாஸ்வேர்ட் கேட்கும், தவறு என்று சொல்லும், அந்தச் சொல்லும் இங்கே பெயராக நுழையும், லாக் கோப்பு நிறையும்வரை பேசிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கத்தில் கெட்டியை நிறுத்துவதே நல்ல தீர்வு. முடியாவிட்டால் லினக்ஸில் வழக்கமான கெட்டியான ஏகெட்டியில் (agetty) எண்டர் வரும்வரை காத்திருக்கச் சொல்லும் தேர்வு இருக்கிறது, அதைப் போடுங்கள்.

பிரேக் எண்ணிக்கை ஏறுகிறது என்றால் அசட்டையாக விடாதீர்கள். சீரியலில் சிஸ்ஆர்க்யூ (SysRq, கர்னலுக்கு நேரடியாகக் கட்டளை தரும் வசதி) இயங்கும் லினக்ஸ் கன்சோலில், பிரேக் வந்து 5 வினாடிக்குள் பி (b) எழுத்து வந்தால், அனுமதி இருக்கும் பட்சத்தில் கணினி அந்த இடத்திலேயே ரீபூட் ஆகிவிடும், டிஸ்க்கில் எழுதி முடிக்கக்கூட நேரம் தராது. தேவையில்லாத இடத்தில் கர்னலின் சிஸ்ஆர்க்யூ அமைப்பை 0 ஆக்கிவிடுங்கள்.

ரெசிஸ்டர் வைக்க வழியே இல்லாத போர்டும் உண்டு. அப்போது யூ-பூட்டில்தான் கை வைக்க வேண்டும். நிறையப் பேர் எத்தனை வினாடி எண்ணுவது என்று சொல்லும் பூட்-டிலே (bootdelay) மாறியை 0 ஆக்கிவிட்டு முடிந்தது என்று நினைக்கிறார்கள். 0 என்றால் காத்திருப்பு இல்லை, ஆனால் ஏற்கெனவே வந்து கிடக்கும் எழுத்து அப்போதும் பூட்டை நிறுத்தும். மைனஸ் 2 என்று வைத்தால்தான் விசையைப் பார்க்கவே பார்க்காது. மைனஸ் 1 வைத்துவிடாதீர்கள், அது தானாக பூட் ஆவதையே நிறுத்திவிடும். மைனஸ் 2-இல் ஒரு சங்கடம், நாளை லினக்ஸ் கெட்டுப்போனால் உள்ளே நுழைய நமக்கும் வழி இருக்காது. யூ-பூட்டை நீங்களே கம்பைல் செய்பவர் என்றால், குறிப்பிட்ட ஒரு சொல்லைத் தட்டினால் மட்டும் நிற்கும்படி அமைக்கலாம், குப்பை எழுத்துகள் தற்செயலாக அந்தச் சொல்லாகச் சேர வாய்ப்பு மிகக் குறைவு. எனக்குப் பிடித்தது இதுதான்.

க்ரப்பில் சீரியலை வெளியீட்டில் மட்டும் விட்டுவிட்டு உள்ளீட்டுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், போதும்.

எதைச் செய்தாலும் சோதிக்கும்போது சீரியல் கேபிளைக் கழற்றிவிடுங்கள். பவரை 20 தடவை அணைத்துப் போட்டு, ஒவ்வொரு முறையும் நெட்வொர்க்கில் பிங் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். மோட்டாரோ ரிலேயோ பக்கத்தில் இருக்கும் இடம் என்றால் அதை ஓட விட்டுக்கொண்டே பாருங்கள்.