தோட்டப்புறத்திலிருந்து யாழ்ப்பாணம்: எந்த நோட்டு, எவ்வளவு, யார் வீட்டில் என்ன செலவு

கிராணியாகவும் (தோட்ட எழுத்தர்) ரயில்வே உத்தியோகத்தராகவும் மலேசியாவின் பேராக் பக்கம் வந்த யாழ்ப்பாணத்தாரின் பேரப்பிள்ளைகள் பலர், "இலங்கை தேறிவிட்டதாம்" என்று கேள்விப்பட்டுப் பயணத்துக்கு ஆயத்தமாகிறார்கள். தேறியது உண்மைதான். வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று 2022 ஏப்ரல் 12-ல் கைவிரித்த இலங்கை, 2023 மார்ச்சில் அனைத்துலக நாணய நிதியத்தின் 300 கோடி டாலர் திட்டத்துக்குள் வந்தது. 2024-ல் பொருளாதாரம் 5 விழுக்காடு வளர்ந்தது. நெருக்கடிக் காலத்தில் வந்த பெட்ரோல் கியூஆர் பங்கீடு (குறியீட்டைக் காட்டி அளவாக வாங்குவது) 2023 செப்டம்பரில் நீக்கப்பட்டது.

ஆனால் விலையேற்றம் நின்றது வேறு, விலை இறங்கியது வேறு. கொழும்பில் 2022 செப்டம்பரில் 70 விழுக்காட்டைத் தொட்ட பணவீக்கம் ஓராண்டில் 2-க்கும் கீழே வந்தது. ஏறிய விலையோ ஏறிய இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 2021-ன் நடுவில் 1,500 ரூபாய்க்குள் கிடைத்தது. 2025-ல் 3,700 ரூபாயை ஒட்டி நின்றது. சம்பளம் அந்த வேகத்தில் ஏறவில்லை. 2024-ல் நான்கு பேரில் ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார் என்கிறது உலக வங்கியின் கணிப்பு. கடையில் சாமான் நிறைந்து கிடக்கிறது, வீட்டில்தான் காசு இல்லை. ஆகவே இங்கிருந்து பால்மாவும் மைலோவும் பெட்டி பெட்டியாகக் கட்டிப் போக வேண்டாம். அதே பணத்தை அங்குள்ள கடையில் செலவழியுங்கள்.

முதலில் நோட்டைப் பார்ப்போம். வெள்ளியை, அதாவது மலேசிய ரிங்கிட்டை, அப்படியே கொண்டுபோவது நல்ல யோசனை இல்லை. 1998 செப்டம்பரில் ஒரு டாலருக்கு 3.80 என்று ரிங்கிட்டைக் கட்டிவைத்தபோது, நாட்டுக்கு வெளியே அதை வாங்கி விற்பதற்கும் அடைப்புப் போட்டார்கள். அந்த 3.80 கட்டு 2005-ல் அவிழ்ந்தது. ஆனாலும் ரிங்கிட் இன்றுவரை வெளியே தாராளமாகப் புழங்கும் பணம் ஆகவில்லை. சிறிய ஊர்களில் அதை வாங்க ஆள் தேட வேண்டும், கிடைக்கும் விலையும் குறைவு. ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ அமெரிக்க டாலராக மாற்றிக்கொள்ளுங்கள். 100, 50 டாலர் நோட்டுகளே போதும். கிழிசல், மைக்கறை, பேனா எழுத்து உள்ள நோட்டு அங்கே திருப்பிக் கொடுக்கப்படும் என்பதால், கடையில் நின்றபடியே ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்குங்கள். கையில் இருப்பது 10,000 டாலருக்கு மேல் போனால் மலேசியச் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும்.

ரூபாயைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் உள்ள வங்கி முகப்புகளில் வாங்குங்கள். இரண்டு மூன்று நாள் செலவுக்கு மட்டும் மாற்றினால் போதும். ரசீதைக் கடவுச்சீட்டோடு வையுங்கள், கடைசி நாளில் தேவைப்படும். 2019-ல் போய்வந்தவர்கள் ஒரு வெள்ளிக்கு 43 ரூபாய் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். 2025-ல் அது 70-க்கு அருகில் இருந்தது.

ஏடிஎம் அட்டையில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மலேசிய வங்கிகள் வெளிநாட்டில் பணம் எடுக்கும் வசதியை வழக்கமாகப் பூட்டியே வைத்திருக்கும். புறப்படும் முன் செயலியிலோ கிளையிலோ திறந்துவிடுங்கள். இயந்திரம் "ரிங்கிட்டில் கணக்கிடவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், ஒப்புக்கொண்டால் அந்த இயந்திரத்துக்காரர் வைக்கும் விகிதத்தில் சில விழுக்காடு போய்விடும். 5,000 ரூபாய் நோட்டுக்கு ஆட்டோவிலும் சந்தையிலும் சில்லறை கிடைப்பது கடினம், வங்கிக்குள்ளேயே உடைத்துக்கொள்ளுங்கள். முழுநிலவுப் போயா நாளில் வங்கிகள் அடைப்பு. அது வெள்ளிக்கிழமையில் விழுந்தால் மூன்று நாள் சேர்ந்தாற்போல் கதவு திறக்காது.

உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே, மாற்றித் தருகிறோம் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2022 மார்ச்சுக்கு முன் டாலரை 200 ரூபாயை ஒட்டிப் பிடித்துவைத்திருந்தார்கள், வெளியே அதிகம் கிடைத்தது, பலர் அந்தப் பக்கம் போனார்கள். வங்கிகளில் டாலர் வற்றியதற்கு அதுவும் ஒரு காரணம். ரூபாயை மிதக்கவிட்ட பிறகு அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. நாலைந்து ரூபாய் ஆசைக்காகச் சட்டத்துக்குப் புறம்பான வழியை நாட வேண்டாம். உங்கள் டாலர் வங்கி வழியாகப் போனால்தான் மருந்தும் எரிபொருளும் இறக்குமதி செய்ய நாட்டின் கைக்கு வரும்.

உணவகத்தில் பட்டியலைப் பார்த்து மட்டும் கணக்குப் போடாதீர்கள். பெரிய இடங்களில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதன்மேல் 18 விழுக்காடு வாட் வரி (2024 ஜனவரியிலிருந்து) சேர்த்தால் 1,000 ரூபாய்ச் சாப்பாடு 1,298 ஆகும். சின்னத் தோசைக்கடையில் இந்தத் தொல்லை இல்லை.

சொந்தக்காரர் வீட்டில் தங்குவோர் மிகவும் கவனிக்க வேண்டியது மின்சாரம். கட்டணத்தை 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 விழுக்காடும், 2023 பிப்ரவரியில் 66 விழுக்காடும் ஏற்றினார்கள். பிறகு கொஞ்சம் இறக்கி, மீண்டும் ஏற்றினார்கள். அங்கே படிப்படியான கட்டணம். மாதத்தில் 180 யூனிட்டைத் தாண்டினால் உச்சப் படி, நிலையான கட்டணமும் கூடும். பழைய ஒரு குதிரைத்திறன் ஏர்கான் இரவு 8 மணி நேரம் ஓடினால் சுமார் 7 யூனிட் ஆகும், பதினான்கு இரவுக்கு 98. வழக்கமாக 85 யூனிட் எரிக்கும் வீடு 183-க்கு ஏறிவிடும். பில் வருவதோ நீங்கள் ஊர் திரும்பிய பிறகு. "பரவாயில்லை, வைச்சிருங்கோ" என்று பெரியம்மா சொல்வார், கேட்காதீர்கள். பழைய பில்லை வாங்கிப் பார்த்து, அடுத்ததற்கான பணத்தை முன்கூட்டியே கையில் கொடுங்கள். அத்தோடு ஒரு சிலிண்டரும் நிரப்பிக் கொடுங்கள், 2025 விலையில் 53 வெள்ளி போலத்தான். இரண்டு பட்டுச்சேலையைவிட அந்தச் சமையலறைக்கு அதுவே பயன்.

மூன்று தட்டைமுனைப் பிளக் பழைய வீடுகளில் பொருந்தாது, உருண்டைமுனைக்கான அடாப்டர் எடுத்துப்போங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை மருந்துகளைப் பயண நாளுக்கும் மேலே ஒரு வாரத்துக்குச் சேர்த்து, மருத்துவர் சீட்டோடு கொண்டுபோங்கள். கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து யாழ்ப்பாண ரயிலுக்கு முன்பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும், முதல் நாளிலேயே முயலுங்கள். மலையகம் போகிறவர்கள், 2025 நவம்பர் டித்வா புயல் அங்கே மண்சரிவால் சாலையையும் தண்டவாளத்தையும் சிதைத்ததால், வழி திறந்திருக்கிறதா என்று விசாரித்தே புறப்பட வேண்டும். அங்கே தேயிலைத் தோட்டத்தில் அடிப்படை நாட்கூலி 2024-ல் 1,350 ரூபாய் என்று வைத்தார்கள், அப்போது அது நம் காசில் 20 வெள்ளிகூட இல்லை. லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) விருந்து வைக்கச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு போகாதீர்கள். அரிசி, பருப்பு, எண்ணெயைப் பக்கத்து டவுனில் வாங்கி முதல் நாளே சேர்த்துவிடுங்கள்.

மீந்த ரூபாயை இங்கே கொண்டுவந்தால் மாற்றுவது பாடு. குடிநுழைவைத் தாண்டுவதற்கு முன் விமான நிலைய வங்கியில், பத்திரப்படுத்திய ரசீதைக் காட்டி டாலராக்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாவிட்டால் மறுக்கக்கூடும்.